எப்படிச் செத்தேன் என்று கேட்டவள்

சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டம் போட்ட வெள்ளைக்காரத் துரைமார்களுக்கு, விக்டோரியா மகாராணி ஆண்ட அந்தக் காலத்தில், வேட்டையையும் பிராந்தியையும் விட்டால் இருந்த ஒரே பொழுதுபோக்கு பேய்க்கதை. அதுவும் கிறிஸ்துமஸ் அன்று சாயங்காலம், வெளியே பனி இறங்க, உள்ளே கணப்பில் விறகு வெடித்து எரிய, பக்கத்துத் தோட்டத்துத் துரைகளும் துரைசாணிகளும் நாற்காலிகளை நெருக்கிப் போட்டுக்கொண்டு, ஏசு பிறந்த நாளில் செத்தவர்களைப் பற்றிப் பேசினால்தான் அவர்களுக்குப் பண்டிகை பண்டிகையாக இருந்தது. கருங்குட்டை எஸ்டேட் பங்களாவில் ஆயாவாக இருந்த அங்காயி, ஹாலம் துரையின் மகள் மிஸ்ஸிப் பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு கதவோரம் உட்கார்ந்து, வருஷா வருஷம் அதைக் கேட்டுக்கொண்டு வந்தாள்.

கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்தும் போயிருந்தது. நம் பக்கத்துப் பேய்க்கு ஒரு பேர் உண்டு, ஊர் உண்டு, குடியிருக்க ஒரு புளியமரம் உண்டு, ஒரு கோழியும் கொஞ்சம் சாராயமும் வைத்தால் வாங்கிக்கொண்டு ஒதுங்குகிற நாணயமும் உண்டு. துரைமார் பேய்க்கு ஒன்றுமே வேண்டாம். ஜன்னலுக்கு வெளியே நிற்கும், உள்ளே பார்க்கும், போய்விடும். அதைப் பார்த்தவர் யாரென்றால் தூக்கம் கெட்ட ஒரு டீச்சரம்மாவாக இருப்பாள், இல்லாவிட்டால் காய்ச்சலில் கிடந்த ஒரு பாதிரியாராக இருப்பார். அவரிடமிருந்து கேட்டவர் இன்னொருவர், அவரும் செத்துப்போயிருப்பார். கடைசியில் பேய் வந்ததா, பார்த்தவருக்குத்தான் புத்தி பேதலித்ததா என்று யாருக்கும் தெரியாது. அதைக் கேட்டுவிட்டு இவர்கள் அத்தனை பேரும் ஆகா என்று பெருமூச்சு விட்டுக் கோப்பையை நிரப்பிக்கொள்வார்கள். இதில் என்ன சுகமோ என்று அங்காயி நினைத்துக்கொள்வாள்.

அந்த விளையாட்டுக்கு இரண்டு சட்டங்கள் இருந்தன. கதை சொல்கிறவர் பைபிளின் மேல் கைவைத்து, இது நடந்தது என்று சத்தியம் செய்ய வேண்டும். கதையை முடிக்கக் கூடாது. முடிச்சை அவிழ்த்துக் காட்டிவிட்டால் சபையே முகம் சுளிக்கும். இரண்டு வழியையும் திறந்து வைத்துவிட்டு, எந்த வழி என்று தனக்கும் தெரியாது என்று சொல்லி எழுந்துவிட வேண்டும். துரைமார் சொல்லி முடித்ததும் பட்லர் சவரிராயனைக் கூப்பிட்டு, உள்ளூர்ச் சரக்கு ஒன்று எடுத்துவிடச் சொல்வது வழக்கம். ஆற்காட்டுப் பக்கத்து ஆளான சவரிராயன் நாக்கில் தேன் தடவிக்கொண்டு பிறந்தவன், இங்கிலீஷிலும் கதை சொல்வான், தமிழிலும் சொல்வான், தனக்கே நம்பிக்கை வருகிற மாதிரி சொல்வான்.

அந்த வருஷம் அவனிடம் சரக்குத் தீர்ந்திருந்தது. தட்டை மேஜையில் வைத்துவிட்டு நிமிர்ந்தவன், வாய்க்கு வந்ததைச் சொல்ல ஆரம்பித்தான். இந்த வீட்டிலேயே முன்பு பச்சையம்மாள் என்று ஓர் ஆயா இருந்தாள், இந்தத் துரை புதிதாகக் குடிவந்த நாளன்று பங்களாவுக்குப் பின்னால் இருக்கிற கருங்குட்டைக்குத் துணி அலசப் போனாள், படியில் நின்றவள் திரும்பி வரவில்லை, கால் தவறி விழுந்தாளோ, அவள் வேலைக்கு ஆசைப்பட்ட வேறொரு கை பின்னாலிருந்து தள்ளியதோ, கர்த்தர் அறிவார், மனுஷர் ஒருத்தரும் அறியார். இதைச் சொல்லிவிட்டுப் புத்தகத்தின் மேல் கைவைத்துச் சத்தியமும் செய்தான். ஹாலம் துரை தொடையில் தட்டிக்கொண்டு, இந்த மலையிலேயே இதுபோல் ஒரு கதை கேட்டதில்லை என்றார், தன் கையாலேயே சவரிராயனுக்கு ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுத்தார். அங்காயிக்கு மட்டும் நெஞ்சுக்குள் சுருக்கென்றது. ஹாலம் துரை குடிவந்த வாரத்தில் அந்த வீட்டுக்கு ஆயாவாக வந்தவள் அவள்தானே.

மறுநாள் காலையில், குசினிக்காரர் இருசப்பன் அடுப்பைப் பற்றவைத்துப் பாலைக் காய்ச்சிக்கொண்டிருந்தபோது, பச்சையம்மாள் பின்வாசலில் வந்து நின்றாள். முப்பது வயது மதிக்கலாம். புடவை உடம்போடு ஒட்டியிருந்தது, தலைமயிரிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, காதோரம் ஒரு பாசி இழை. உள்ளே வரட்டுமா என்று கேட்டாள். ஈரக்காலோடு குசினிக்குள் வராதே என்று இருசப்பன் அதட்டியதும், சரிங்க என்று வாசற்படியிலேயே உட்கார்ந்தாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும்ங்க," என்றாள் பச்சையம்மாள். "நான் எப்படிச் செத்தேன்? வழுக்கி உளுந்தேனா, யாராச்சும் தள்ளிவுட்டாங்களா?"

"எனக்கெப்படித் தாயீ தெரியும், பட்லரைக் கேளு," என்று சொல்லிவிட்டு இருசப்பன் பாலை இறக்கினார்.

பட்லரைக் கேட்டாள், தெரியாது என்று அவன் சொன்னான். தோட்டக்காரனைக் கேட்டாள், குதிரைக்காரனைக் கேட்டாள், காப்பிப் பழம் பறிக்கப் போன பெண்களை வழிமறித்து ஒவ்வொருத்தியாகக் கேட்டாள். துரைசாணி வெளியே வந்தபோது தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு மரியாதையாக அவளையும் கேட்டாள். கோபம் இல்லை, அழுகை இல்லை, பழிவாங்குகிற எண்ணமும் இல்லை. வழி தெரியாத ஊரில் வழி கேட்கிற மாதிரி கேட்டாள்.

மலை அவளைச் சீக்கிரமே ஏற்றுக்கொண்டது. பஞ்சத்தைப் பார்த்த ஜனங்களுக்கு ஒரு பிசாசு என்ன பெரிய விஷயம்! அக்கம்பக்கத்துத் துரைகள் குதிரையேறி வந்து அவளைப் பார்த்து, தொப்பியை எடுத்துக் கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள். ஒரு பாதிரியார் வந்து ஜெபம் செய்தார். அவள் முழுவதையும் தலைகுனிந்து கேட்டுவிட்டு, ஆமென் சொல்லி, நான் எப்படிச் செத்தேன் சாமி என்றாள். கூலிக்காரர் குடியிருந்த லயத்துப் பெண்கள் கோழியறுத்துப் படைத்தார்கள், கோழி நன்றாக இருக்கிறது என்று சொல்லித் தின்றுவிட்டு அதே கேள்வியைக் கேட்டாள். ஒரு வாரம் போவதற்குள் பிள்ளைகள் அவள் மடியிலிருந்து சொட்டுகிற தண்ணீரில் காகிதக் கப்பல் விட்டு விளையாடினார்கள், பங்களாவில் அவள் உட்காருகிற இடத்தில் ஒரு சாக்கு மடித்துப் போடப்பட்டது.

ஆனால் ஈரம் அவளோடு நிற்கவில்லை. அது காப்பி அறுவடை மாதம். பழத்தைத் தோலுரித்துக் கழுவிக் களத்தில் பரப்பினால் வெயிலில் கலகலவென்று காய வேண்டும். பச்சையம்மாள் வந்த நாளிலிருந்து மலையை விட்டுப் பனி விலகவேயில்லை. கொட்டை காயவில்லை, புரட்டிப் புரட்டிப் போட்டும் காயவில்லை, பூசணம் பூத்தது. காப்பி மூட்டை கீழே இறங்கினால்தான் அதே வண்டிகளில் அரிசியும் கேழ்வரகும் மேலே ஏறும். மூட்டை இறங்கவில்லை, வண்டி வரவில்லை. லயத்தில் கஞ்சி தண்ணியாக ஆரம்பித்தது. தாது வருஷத்துப் பஞ்சத்தைத் தாண்டி வந்தவர்கள் அங்கே இருந்த எல்லோரும், தண்ணிக் கஞ்சிக்கு அடுத்தது என்ன வரும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இவளுக்கு ஒரு பதில் கிடைத்தால் இவள் போய்விடுவாள், இவள் போனால் பனி போய்விடும் என்ற பேச்சு எங்கிருந்தோ கிளம்பி எல்லோர் வாயிலும் உட்கார்ந்தது.

பதில் தேடிய ஜனங்களுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வரத் தொடங்கியது. முதலில் இருசப்பனுக்கு வந்தது. பச்சையம்மாளுக்குச் சோற்றில் உப்பு தூக்கலாக இருக்க வேண்டும், மறந்தே போச்சே, என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். கங்காணி சடையன், அவளை மலைக்குக் கூட்டி வந்ததே நான்தான் என்றான், வருகிற வழியில் அவளுக்குக் கால் சுளுக்கியதைக்கூடச் சொன்னான். துரைசாணி அந்த நாட்களில் காய்ச்சலில் கிடந்தவள், இருந்தாலும் கட்டிலுக்குப் பக்கத்தில் ஓர் உருவம் நின்று விசிறியதைத் தான் கண்டதாகச் சொன்னாள். துரை தன் பங்குக்கு, நான் வந்து இறங்கியபோது வேலைக்காரர்கள் வரிசையாக நின்று சலாம் போட்டார்கள், கடைசியாக நின்றவள் இவளாகத்தான் இருக்க வேண்டும், என்றார். ஞாபகங்கள் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டு வந்தன. பிப்ரவரி பிறப்பதற்குள் பச்சையம்மாளைத் தெரியாதவர் கருங்குட்டையில் இல்லை, அங்காயி ஒருத்தியைத் தவிர.

அங்காயி எவ்வளவோ யோசித்துப் பார்த்தாள். பஞ்சத்தில் புருஷனைப் பறிகொடுத்து, அடுத்ததாக மார்பில் கிடந்த பிள்ளையையும் பறிகொடுத்து, பால் கட்டி வலிக்கிற மார்போடு அவள் மலையேறி வந்தபோது, இந்த வீட்டில் ஒரு வெள்ளைக்காரக் குழந்தை பாலுக்குக் கத்திக்கொண்டிருந்தது. அதை வாங்கி மார்போடு அணைத்ததும் அது வாய் வைத்ததும் அவளுக்கு ஞாபகம் இருந்தது. அந்த வாரத்தில் அதைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் அவள் கண்ணில் படவில்லை. வேறொரு ஆயா இருந்தாளா, படியில் யாராவது துணி அலசினார்களா, அவளுக்குத் தெரியாது. தெரியாது என்று அவள் சொன்னதுதான் வினையாகப் போயிற்று.

"எங்க எல்லாத்துக்கும் ஞாபகமிருக்குது, இவளுக்கு மட்டும் ஏன் இல்லாமப் போச்சு?" என்று சடையன் லயத்தில் கேட்டான். மறுநாளிலிருந்து அங்காயி தண்ணீர் எடுக்க வந்தால் பெண்கள் குடத்தை நகர்த்திக்கொண்டார்கள்.

அவள் நேராகச் சவரிராயனிடம் போனாள். அவன் வெள்ளிக் கரண்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"பட்லரண்ணே, நெசத்தைச் சொல்லுங்க. அப்படி ஒருத்தி இருந்தாளா?"

சவரிராயன் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "இல்ல அங்காயி. நானாத்தான் கட்டிவுட்டேன். வாயில வந்த பேரைச் சொன்னேன்."

"அப்ப அதைத் தொரைகிட்டச் சொல்லுங்க."

"சத்தியம் பண்ணியிருக்கேனே புள்ள, புஸ்தகத்து மேல கைய வச்சு! பொய்ச் சத்தியம்னா என்னைத் தொரத்திவுட்ருவாரு. அதோட..." என்று இழுத்தவன், ஒரு கரண்டியை எடுத்து அதில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்தான். "நானாத்தான் கட்டிவுட்டேன்னு நெனக்கிறேன். ஆனா வேற எத்தினி பேரு இருக்கு, அந்தப் பேரு ஏன் வாயில வந்துச்சு? எங்கியோ கேட்டாப்லயும் இருக்குது."

"நீங்க ஆரம்பிச்ச கதை, நீங்களே முடிச்சு வெச்சிருங்க," என்றாள் அங்காயி. "வழுக்கி உளுந்தான்னு ஒரு வார்த்தை அவகிட்டச் சொல்லிப்போடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அவனும் மனிதன்தான். அன்று மத்தியானமே பின்வாசலுக்குப் போய், சாக்கின் மேல் உட்கார்ந்திருந்த பச்சையம்மாளின் முன்னால் குந்தி, அம்மா, நீ கால் வழுக்கித்தான் விழுந்தாய், ஒருத்தரும் உன்னைத் தள்ளவில்லை, நிம்மதியாகப் போ என்றான். அவள் முகம் ஒரு நிமிஷம் மலர்ந்துவிட்டது. கொஞ்ச நேரம் யோசித்தாள், மலர்ச்சி வாடியது.

"ஏனுங்க, இது உங்களுக்கு அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப யாருக்கும் தெரியாதுன்னு ஏன் சத்தியம் பண்ணுனீங்க?" என்று கேட்டாள் பச்சையம்மாள். "அன்னிக்குச் சொன்னது பொய்யின்னா இன்னிக்குச் சொல்றது மட்டும் எப்படிங்க நெசமாகும்?"

பட்லர் எழுந்து உள்ளே போய்விட்டான். பேய்க்கதை சொல்கிறவன் ஊரை ஏமாற்றிவிடலாம். தன் வாயிலிருந்து பிறந்ததை ஏமாற்ற முடியாது போலிருக்கிறது. அன்று அவள் முதல் தடவையாக அழுதாள். வாய்விட்டு அழவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே தண்ணீர் பெருகி, வராந்தா முழுவதும் பரவி, துரையின் பூட்ஸை நனைத்தது.

மிஸ்ஸிப் பாப்பா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தது. அதற்கு அப்போது ஆறு நடக்கிறது. இங்கிலீஷ் அதற்குப் பெற்றோரோடு பேசுகிற பாஷை, அழுவதும் சிரிப்பதும் கோபப்படுவதும் எல்லாம் அங்காயி கொடுத்த தமிழில்தான். அன்று தலைசீவிவிடும்போது, ஆயா, அந்தம்மா ஏன் அழுவுது என்று கேட்டது. பாவம் கண்ணு, அவளுக்கு யாராச்சும் ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும், போயிருவா, என்று அங்காயி சொன்னாள். சொன்னபோது அவள் மனசில் அந்தப் பேயின் மேல் இரக்கம்தான் இருந்தது, அதை அவள் மறைக்கவும் இல்லை. பிள்ளையிடம் பேசுகிற வார்த்தையை அளந்து பேச அவள் எந்நாளும் கற்றுக்கொண்டதில்லை.

மூன்றாவது தடவையும் காப்பி பூசணம் பூத்துக் கெட்டபோது ஹாலம் துரை விசாரணை வைத்தார். வராந்தாவில் மேஜையைப் போட்டு, பைபிளை நடுவில் வைத்து, மாஜிஸ்திரேட்டு மாதிரி கோட்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்தில் துரைசாணி. களத்திலும் லயத்திலும் இருந்த அத்தனை ஜனமும் முற்றத்தில் வந்து நின்றது, பச்சையம்மாள் தன் சாக்கை எடுத்துக்கொண்டு வந்து படிக்கட்டில் உட்கார்ந்தாள். சத்தியம் வைத்துப் பொய் சொல்கிறவர் யாராக இருந்தாலும், அது என் சொந்த ரத்தமாகவே இருந்தாலும், இந்த வீட்டில் இருக்க முடியாது, என்று துரை முதலிலேயே சொல்லிவிட்டார். அவர் வாய்ச்சொல் வீரர் இல்லை. சீமையில் அவருக்கு ஓர் அக்காள் இருந்தாள். ஒரு வருஷம் இங்கே வந்து தங்கியிருந்தபோது, பிஸ்கோத்து எடுக்கவில்லை என்று பொய் சொன்னதற்காக மிஸ்ஸிப் பாப்பாவை விறகு அறைக்குள் போட்டு அந்தி சாயும் வரை பூட்டி வைத்தவள் அவள். அன்றிலிருந்து எந்த அறைக் கதவைச் சாத்தினாலும் பிள்ளை வெலவெலத்துப் போகும். பொய் பேசுகிற பிள்ளையை என்னிடம் அனுப்பு, நான் திருத்துகிறேன் என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டுப் போன வார்த்தை இன்னும் அந்த வீட்டில் நின்றுகொண்டிருந்தது.

ஒவ்வொருவராக வந்து புத்தகத்தைத் தொட்டார்கள். பச்சையம்மாளைத் தெரியும் என்றார்கள், உப்பு தூக்கலாகக் கேட்பாள் என்றார்கள், சாகும்போது பார்க்கவில்லை என்றார்கள். சவரிராயன் தலை நிமிராமல், தான் அன்று சொன்னதுதான், அதற்குமேல் தெரியாது என்றான். துரை அங்காயியைப் பார்த்தார். ஜனமும் அங்காயியைப் பார்த்தது. அவள் மேஜைக்கு நடந்து வந்து, நான் அவளைக் கண்ணால் கண்டதே இல்லை என்று சத்தியம் செய்யக் கையைத் தூக்கியபோது, துரைசாணியின் பாவாடைக்குப் பின்னாலிருந்து மிஸ்ஸிப் பாப்பா ஓடி வந்தது. ஓடி வந்து தன் சின்னக் கையைப் புத்தகத்தின் மேல் வைத்தது.

"எனக்குத் தெரியும்," என்றது. "ஆயாதான் தள்ளிவுட்டுச்சு. நான் பார்த்தேன்."

கைக்குழந்தையாக இருந்த நீ எப்படிப் பார்த்தாய் என்று துரை கேட்டார்.

"நான் ஆயா இடுப்புல இருந்தேன். இந்தப் பக்கம் நான் இருந்தேன், அந்தக் கையால ஆயா தள்ளுச்சு." பிறகு அங்காயியின் பக்கம் திரும்பி, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "மன்னிச்சுருன்னு கேட்டுரு ஆயா. கேட்டாச் சரியாப் போயிரும்னு நீதானே சொல்லுவ," என்றது.

பால்குடி மறக்காத குழந்தை கண்டதை ஆறு வயதில் சொல்வது நடக்கிற காரியமா என்று அதற்குமேல் கேட்க அங்கே நின்ற ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர்களுக்குக் கஞ்சி தோன்றியது, வண்டி தோன்றியது. பச்சையம்மாள் சாக்கிலிருந்து எழுந்துவிட்டாள். கடைசியில் ஒரு பதில் வந்துவிட்டதே என்ற ஆசையில் அவள் கண் இரண்டும் அங்காயியின் வாயையே பார்த்தன.

துரை கேட்டார். "ஆயா, என் மகள் சொல்றது நெசமா, பொய்யா?"

பொய் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், அங்காயி தப்பிக்கலாம். தப்பிக்காமலும் போகலாம், யார் நம்பப் போகிறார்கள். ஆனால் பிள்ளை புத்தகத்தில் கைவைத்துப் பொய் சொன்னது என்று ஆகிவிடும். அடுத்த கப்பலில் பிள்ளையை ஏற்றுவார்கள், கப்பல் போய்ச் சேர்கிற இடத்தில் அந்த அம்மாள் சாவியோடு நிற்பாள். கதவு சாத்துகிற சத்தம் இப்போதே அங்காயியின் காதில் விழுந்தது. பெற்ற பிள்ளையைப் பசிக்குக் கொடுத்துவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நின்றவள் அவள், இன்னொரு தடவை அப்படி நிற்க அவளுக்குத் தெம்பு இல்லை. புத்தகத்தின் மேல் இருந்த சின்னக் கை வேர்த்திருந்தது.

"பாப்பா பொய் சொல்லாதுங்க தொரை," என்றாள். "எம் பால் குடிச்ச புள்ளைங்க. அது பொய் சொல்லாது."

பச்சையம்மாள் கிட்டே வந்தாள். அவளிடமிருந்து குட்டைத் தண்ணீரின் வாடை வீசியது.

"நீதானாக்கா?"

"நாந்தான்."

"எந்தக் கையில தள்ளுன?"

அங்காயி வலது கையைத் தூக்கிக் காட்டினாள். பச்சையம்மாள் அந்தக் கையைப் பிடித்து, புரட்டிப் பார்த்து, உள்ளங்கையைத் தன் முதுகில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். இங்கதானா, என்றாள். இங்கதான் கண்ணு, என்னை மன்னிச்சுரு, என்று அங்காயி சொன்னாள். சொல்லும்போது அவளுக்கு அழுகை வந்தது, யாருக்காக வந்தது என்று கேட்டால் அவளால் பிரித்துச் சொல்லியிருக்க முடியாது. சரிக்கா, தெரிஞ்சு போச்சு, போதும், என்றாள் பச்சையம்மாள். அவள் புடவை கரையிலிருந்து மேல்பக்கமாகக் காய ஆரம்பித்தது, முழங்கால், இடுப்பு, தோள் என்று காய்ந்து, கடைசியில் காதோரத்துப் பாசியும் உலர்ந்து பொடியாக உதிர்ந்தது, அவள் நின்ற இடத்தில் வெறும் வராந்தா இருந்தது. பனி விலகி வெயில் அடித்தது. யாரும் சொல்வதற்கு முன்பே பெண்கள் களத்துக்கு ஓடிப்போய்ச் சாக்குகளை உதறிக் கொட்டையைப் பரப்பத் தொடங்கினார்கள்.

துரை சேலத்துக் கோர்ட்டுக்கு ஆள் அனுப்பினார். அதற்குப் பிறகு எல்லோரும் அங்காயியிடம் பிரியமாகவே நடந்துகொண்டார்கள், அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. லயத்துப் பெண்கள் கூடி வந்து தலைவாரிவிட்டார்கள். சடையன் அவள் காலில் விழாத குறையாக, நல்ல காரியம் செய்தாய் தாயீ, மனசில் வைத்துக்கொண்டிருந்ததை இறக்கிவிட்டாய், என்றான். இருசப்பன் வழிக்குக் கட்டுச்சோறு கட்டிக் கொடுத்தார். சவரிராயன் மட்டும் வெளியே வரவில்லை. அவன் உள்ளே உட்கார்ந்து அழுதான் என்று சிலர் சொன்னார்கள், அவன் பாட்டுக்குக் கரண்டி துடைத்துக்கொண்டிருந்தான் என்று வேறு சிலர் சொன்னார்கள். மிஸ்ஸிப் பாப்பா ஜன்னலில் நின்று கையாட்டியது. மன்னிப்புக் கேட்டாகிவிட்டது, இனி என்ன, சந்தைக்குப் போன ஆயா சாயங்காலம் வந்துவிடும் என்றுதான் அது நினைத்திருக்க வேண்டும்.

சேலத்துக் கோர்ட்டிலிருந்து அழைத்துப் போக, தோளில் டவாலிப் பட்டை போட்ட ஒரு சேவகன் வந்திருந்தான், நடுவயசு ஆள், பேர் ராமக்கவுண்டன். அவள் கைகளை ஒரு கயிற்றால் தளர்வாகக் கட்டி, மறுமுனையைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டு, மலைப்பாதையில் முன்னால் நடந்தான். பாதி வழியில், சமவெளி கண்ணில் படுகிற ஒரு வளைவில், கட்டுச்சோற்றை அவிழ்த்து இருவரும் தின்றார்கள். கீழே சேலத்துப் பக்கம் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. மேலே ஏறுகிற வண்டிகளின் சத்தம் கேட்டது, அரிசி மூட்டைகள்.

ராமக்கவுண்டன் கையைக் கழுவிவிட்டு வெற்றிலையை எடுத்தான். "இத பாரம்மா, நான் ஒண்ணும் எழுதிக் குடுக்கப் போறதில்லை. சும்மா கேக்கறேன். நெசமாலுமே நீ தள்ளுனியா?"

இல்லீங்க என்று சொல்லத்தான் அங்காயி வாயைத் திறந்தாள். இங்கே பிள்ளை கிடையாது, புத்தகம் கிடையாது, உண்மையைச் சொல்வதால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் அவள் இடது இடுப்பில் ஒரு கைக்குழந்தையின் கனம் உட்கார்ந்தது. கீழே ஈரப் படிக்கட்டு தெரிந்தது. குனிந்து துணி அலசுகிற ஒரு பெண்ணின் கழுத்து, அதில் ஒட்டியிருந்த மயிர், அக்கா என்று சொல்லிக்கொண்டே அவள் பாதி திரும்பியது, வலது உள்ளங்கைக்கு அடியில் அந்த முதுகின் சூடு. எல்லோருக்கும் வந்த ஞாபகம் கடைசியில் அவளுக்கும் வந்து சேர்ந்திருந்தது.

"ஆமாங்க," என்றாள்.

ராமக்கவுண்டன் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டான். "எதுக்குத் தள்ளுன?"

அங்காயி சொல்லிவிட வேண்டும் என்றுதான் பார்த்தாள்.

"அது மட்டும் இன்னும் ஞாபகத்துக்கு வரலீங்க," என்றாள்.